வைரஸ் தடுப்பு மென்பொருளின் நிறைகுறைகளைச் சொந்தக் கணினியில் மதிப்பிடுதல்

ஆன்டிவைரஸ் வாங்க முற்படுபவர் பெரும்பாலும் விளம்பரத்தில் காணும் விழுக்காட்டையோ, கடைக்காரரின் பரிந்துரையையோ, ஓராண்டுச் சந்தாவின் விலையையோ வைத்தே முடிவெடுக்கிறார். அந்த மென்பொருள் அவருடைய கணினியில், அவருடைய கோப்புகளோடும் இணைய இணைப்போடும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இவற்றுள் எதுவும் காட்டுவதில்லை. எனவே மதிப்பீட்டின் ஒரு பகுதியைச் சார்பற்ற ஆய்வகங்களின் அறிக்கைகளிலிருந்தும் மற்றொரு பகுதியைத் தம் கணினியில் செய்யும் எளிய சோதனைகளிலிருந்தும் பெறுவதே முறையாகும்; எதை எங்கிருந்து பெறுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகின்றனர். புதிய தீநிரல்களைப் பிடிக்கும் திறனை வீட்டில் அளக்க இயலாது. அது ஆய்வகத்தின் வேலை. கணினி எவ்வளவு மந்தமாகிறது, அன்றாடம் புழங்கும் மென்பொருள்களை அது தடுக்கிறதா, நீக்கும்போது முழுமையாக நீங்குகிறதா என்பனவற்றைப் பயனர் தாமே பார்த்தறிய வேண்டும். இவ்வத்தியாயம் வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் உள்ள விண்டோஸ் கணினிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

தேவையான அளவு கோட்பாடு

கணினிக்கோ அதன் உரிமையாளருக்கோ தீங்கு செய்வதற்காக எழுதப்பட்ட எந்த நிரலும் தீநிரல் எனப்படும். வைரஸ் என்பது அதில் ஒரு வகை மட்டுமே. தீநிரலை அடையாளம் காண இன்றைய மென்பொருள்கள் நான்கு வழிகளைச் சேர்த்துக் கையாளுகின்றன. ஏற்கெனவே அறியப்பட்ட தீநிரலின் பதிவோடு கோப்பை ஒப்பிடுவது அடையாளக்கூறு முறை. கோப்பின் அமைப்பைப் பார்த்து ஐயப்படுவது ஊகமுறை. நிரல் இயங்கத் தொடங்கிய பின் அது செய்யும் காரியங்களைக் கவனிப்பது நடத்தைக் கண்காணிப்பு. ஐயத்திற்குரிய கோப்பைப் பற்றி நிறுவனத்தின் சர்வரிடம் உடனுக்குடன் கேட்டறிவது மேகக்கணிச் சரிபார்ப்பு. அடையாளக்கூறு முறை தவறு குறைந்தது, ஆனால் புதியதைப் பிடிக்காது. ஊகமும் நடத்தைக் கண்காணிப்பும் புதியதைப் பிடிக்கும், ஆனால் நல்ல நிரலையும் சில வேளை குற்றவாளியாக்கும். மேகக்கணிச் சரிபார்ப்பு இணையம் இல்லாதபோது கைகொடுக்காது. கீழே வரும் சோதனைகள் அனைத்தும் இந்த நான்கின் பலத்தையும் பலவீனத்தையும் ஒட்டியே அமைந்தவை.

தொடங்குமுன் செய்ய வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகள்

1. முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, நகலில் உள்ள இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்துபார்த்து, பின் அந்த டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றிவைக்க வேண்டும். செருகியபடியே விடப்பட்ட டிஸ்க் பாதுகாப்பான நகலாகாது. கணினியைத் தாக்கும் தீநிரல் அதையும் தாக்கும்.

2. கணினியில் பிட்லாக்கர் எனும் வட்டுப் பூட்டு இயங்கினால், அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதியோ அச்சிட்டோ வைத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸின் அடித்தளம்வரை இறங்கி வேலை செய்வதால், அது பழுதானால் கணினி இயங்கத் தொடங்காமலே போகக்கூடும். அப்போது அந்தச் சாவி இன்றி எதையும் மீட்க இயலாது.

3. ஏற்கெனவே வேறொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால் அதை நீக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே புதியதை நிறுவ வேண்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை நீக்க வேண்டியதில்லை. வேறொன்று நிறுவப்பட்டதும் அதன் நிகழ்நேரப் பாதுகாப்பு தானே ஒதுங்கிக்கொள்ளும்.

4. சோதனைப் பதிப்பை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். ‘கிராக்’ செய்யப்பட்ட பதிப்புகள் தீநிரலைப் பரப்புவோரின் விருப்பமான ஊர்தி.

எச்சரிக்கை: உண்மையான தீநிரல் மாதிரிகளை இறக்கிச் சோதிக்கும் காணொளிகளைப் பார்த்து அதையே வீட்டில் செய்துபார்க்கச் சிலர் துணிகின்றனர். இது எந்த நிலையிலும் கூடாது. ஆய்வகங்கள் தனித்த வலைப்பின்னலில், ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் முழுதாகத் துடைக்கப்படும் கணினிகளில் இதைச் செய்கின்றன. வீட்டு வைஃபையில் இணைந்த ஒரு கணினியில் தப்பிய ஒரேயொரு மாதிரி அதே இணைப்பில் உள்ள மற்றக் கணினிகளையும் தொற்றக்கூடும். அவ்வளவு துணிந்தும் கிடைக்கும் தகவல் பயனற்றது. இருபது முப்பது பழைய மாதிரிகளைப் பிடித்த மென்பொருள் நாளை வருவதைப் பிடிக்கும் என்பதற்கு அது சான்றாகாது.

முதல் படி: ஆய்வக அறிக்கைகளைப் படித்தல்

ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ், பிரிட்டனின் எஸ்இ லேப்ஸ் ஆகியவை தொடர்ந்து சோதனை நடத்தி முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. இத்தகைய சோதனைகள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கான பொது வரையறைகளை 2008இல் தொடங்கப்பட்ட அம்ட்சோ எனும் அமைப்பு வகுத்துள்ளது. ஆய்வகங்களின் வருவாயில் பெரும்பங்கு சோதிக்கப்படும் நிறுவனங்களிடமிருந்தே வருவதை மறக்கலாகாது. எனினும் இவற்றின் செய்முறை வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால், வர்த்தகக் கமிஷனுக்காக எழுதப்படும் ‘சிறந்த பத்து ஆன்டிவைரஸ்கள்’ போன்ற பட்டியல்களைவிட இவை பன்மடங்கு நம்பத்தக்கவை. படிக்கும் வரிசை பின்வருமாறு:

1. விளம்பரத்தில் உள்ள பதக்க முத்திரையை விட்டுவிட்டு, ஆய்வகத்தின் தளத்திலேயே மூல அறிக்கையைத் திறக்க வேண்டும். எந்த மாதம், எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு, வீட்டுப் பயன்பாட்டுக்கானதா நிறுவனங்களுக்கானதா என்ற நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுவனப் பதிப்பு பெற்ற மதிப்பெண் வீட்டுப் பதிப்பின் விளம்பரத்தில் இடம்பெறுவது அரிதன்று.

2. ஒரே அறிக்கையோடு நிற்காமல், ஓராண்டில் வெளியான எல்லாச் சுற்றுகளையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு சுற்றில் முதலிடம் பெற்று அடுத்ததில் சறுக்கும் தயாரிப்பைவிட, எல்லாச் சுற்றிலும் இரண்டாம் மூன்றாம் இடத்தில் நிலைத்து நிற்பது மேலானது.

3. விழுக்காட்டைக் காணும்போது எத்தனை மாதிரிகளைக் கொண்டு அது கணக்கிடப்பட்டது என்பதைத் தேட வேண்டும். இணையத்தில் உலவும் அன்றாட அச்சுறுத்தல்களை வைத்து நடக்கும் சோதனையில் பெரும்பாலும் சில நூறு மாதிரிகளே இருக்கும். 400 மாதிரிகள் எனில், 99.75 விழுக்காடு என்பது ஒன்றைத் தவறவிட்டது, 99.5 விழுக்காடு என்பது இரண்டைத் தவறவிட்டது. ஒரேயொரு மாதிரியால் வந்த இடைவெளியை வைத்து ஒன்றைத் தூக்கிப்பிடிப்பதும் மற்றொன்றைத் தள்ளிவிடுவதும் பொருளற்றவை. 99.5 என்றும் 95 என்றும் வேறுபாடு இருந்தால் மட்டுமே, அதுவும் மீண்டும் மீண்டும் வந்தால் மட்டுமே, அதைப் பலவீனமாகக் கொள்ளலாம்.

4. கண்டறிதல் எண்ணுக்குப் பக்கத்திலேயே தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். தீங்கற்ற கோப்பைத் தீநிரல் என்று சொல்லித் தடுப்பதே தவறான எச்சரிக்கை. காண்பதையெல்லாம் தடுக்கும் மென்பொருள் எளிதாக நூறு விழுக்காடு பெற்றுவிடும் என்பதால், இவ்விரண்டு எண்களும் சேர்ந்தே பொருள்படும். 0.01 விழுக்காடு என்பது சிறியதாகத் தோன்றினாலும், 2 லட்சம் கோப்புகள் கொண்ட கணினியில் அது 20 நல்ல கோப்புகளைக் குறிக்கும்.

5. ஏவி-டெஸ்ட் அறிக்கையில் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டுத்தன்மை என்ற மூன்று தலைப்புகளுக்கும் தலா 6 மதிப்பெண் வீதம் மொத்தம் 18 வழங்கப்படுகின்றன. மூன்றாவது தலைப்பைத் திரையின் எளிமை என்று பலரும் பிழையாகப் புரிந்துகொள்கின்றனர். அது உண்மையில் தவறான எச்சரிக்கைகளையே அளக்கிறது. மேலும், கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால், பாதுகாப்பில் இழந்த அரை மதிப்பெண்ணும் வேகத்தில் இழந்த அரை மதிப்பெண்ணும் ஒன்றேபோல் தோன்றிவிடும். முதலாவது பன்மடங்கு முக்கியமானது.

6. ஏவி-கம்பேரட்டிவ்ஸ் வரைபடங்களில் ‘பயனரைப் பொறுத்தது’ என்று தனியாகக் காட்டப்படும் பகுதியைத் தவறவிடக் கூடாது. அந்த இடங்களில் மென்பொருள் தானே முடிவெடுக்காமல் ‘அனுமதிக்கவா, தடுக்கவா’ என்று கேட்டிருக்கிறது. வீட்டில் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அந்தக் கணினியைப் பயன்படுத்துவதாயின், கேள்வி கேட்கும் மென்பொருள் அவர்களுக்குப் பாதுகாப்பாகாது என்று கொள்வதே சரி.

7. அதே ஆய்வகத்தின் தீநிரல் பாதுகாப்புச் சோதனை, இணையம் இருக்கும்போதும் இல்லாதபோதும் உள்ள கண்டறிதல் விகிதங்களைத் தனித்தனியே தருகிறது. ஜெராக்ஸ் கடைக்கும் பள்ளிக்கும் பென் டிரைவ் சென்றுவரும் கணினிக்கும், இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் ஊரில் உள்ள கணினிக்கும் இந்த இரண்டாம் எண்ணே தீர்மானமானது. மேகக்கணியையே பெரிதும் நம்பியிருக்கும் தயாரிப்புகளின் பலவீனம் இங்குதான் வெளிப்படும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கே7 கம்ப்யூட்டிங், புணேயில் தொடங்கப்பட்ட குவிக் ஹீல் ஆகிய இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகளையும் வெளிநாட்டுத் தயாரிப்புகளையும் இதே அளவுகோல்களால்தான் பார்க்க வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்பு என்பது சிறப்பும் ஆகாது, குறையும் ஆகாது.

குறிப்பு: வைரஸ்டோட்டல் தளத்தில் ஒரு கோப்பை ஏற்றி, எந்தெந்த நிறுவனங்கள் அதைத் தீநிரல் என்கின்றன என்று பார்த்து ஆன்டிவைரஸ்களைத் தரம் பிரிப்பது பரவலான பழக்கம். அங்கு இயங்குபவை அந்நிறுவனங்களின் கோப்பு ஆய்வுப் பொறிகள் மட்டுமே. நடத்தைக் கண்காணிப்பு முதலிய மற்ற அடுக்குகள் அங்கு முழுமையாக இல்லை. இவ்வகை ஒப்பீட்டுக்குத் தம் சேவையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அத்தளமே அறிவுறுத்துகிறது. ஒரு கோப்பின்மீது எழுந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள மட்டுமே அது உதவும். அங்கு ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படுவதால், வங்கி அறிக்கை, ஆதார் நகல், வாடிக்கையாளர் கணக்கு போன்றவற்றை ஒருபோதும் ஏற்றலாகாது.

இரண்டாம் படி: ஐகார் கோப்பைக் கொண்டு விழிப்பைச் சோதித்தல்

அறிக்கைகளில் தேறிய இரண்டு அல்லது மூன்று தயாரிப்புகளின் சோதனைப் பதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவிப் பார்க்கும் கட்டம் இது. அதற்கு உதவும் ஐகார் கோப்பு, எல்லா ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் உடன்பட்டு ‘வைரஸ்’ என்று அறிவிக்க ஒப்புக்கொண்ட, 68 எழுத்துகளே கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வரி. ஐகார் என்பது இதை வெளியிட்ட ஐரோப்பிய ஆன்டிவைரஸ் ஆராய்ச்சி அமைப்பின் சுருக்கப்பெயர்.

1. ஐகார் அமைப்பின் தளத்தைத் திறந்து, அங்குள்ள 68 எழுத்து வரியை நகலெடுக்க வேண்டும். கோப்பாகவே இறக்க முயன்றால் பிரவுசரே அதைத் தடுத்துவிடக்கூடும். அப்போது பிடித்தது பிரவுசரா ஆன்டிவைரஸா என்று தெரியாமல் போகும்.

2. நோட்பேடைத் திறந்து, முதல் வரியின் முதல் இடத்திலேயே அதை ஒட்ட வேண்டும். முன்னால் ஓர் இடைவெளியோ காலி வரியோ இருந்தால் சோதனை செல்லாது. கையால் தட்டச்சு செய்பவர் கவனிக்க வேண்டியது, அவ்வரியின் மூன்றாம் குறி ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘ஓ’. அது சுழியம் அன்று.

3. சேமிக்கும்போது கோப்பு வகையில் ‘எல்லாக் கோப்புகளும்’ என்பதையும், எழுத்துக் குறியாக்கத்தில் ‘ஏஎன்எஸ்ஐ’ என்பதையும் தேர்ந்தெடுத்து, கோப்புப் பெயரின் இறுதியில் ‘டாட் காம்’ என்ற நீட்டிப்பை இட வேண்டும். குறியாக்கம் மாறினால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் சேர்ந்துவிடக்கூடும். ஆன்டிவைரஸ் பிடிக்கவில்லை என்று எழும் புகார்களில் பல இதனால் வருபவை.

4. சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். சில மென்பொருள்கள் அந்த நொடியே எச்சரிக்கும். சில, கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்க முயலும்போது எச்சரிக்கும். இரண்டும் ஏற்கத்தக்கவையே. திறந்த பின்னும் அமைதியாக இருந்தால் நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்கவில்லை என்று பொருள்.

5. எச்சரிக்கைப் பெட்டியில் உள்ள வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். எந்தக் கோப்பு, எந்த இடத்தில் இருந்தது, இப்போது என்ன செய்யப்பட்டுள்ளது என்ற மூன்றும் தெளிவாக இருப்பது நல்ல தயாரிப்பின் அடையாளம். ‘அச்சுறுத்தல் கண்டறியப்பட்டது, முழுப் பாதுகாப்புக்கு மேம்படுத்துக’ என்று விற்பனைக்கு இழுக்கும் வாசகம் மட்டும் இருந்தால், உண்மையான தாக்குதலின்போது பயனர் குழம்பித் தவறான பொத்தானை அழுத்த நேரிடும்.

6. குவாரன்டைன் எனப்படும் தனிமைப் பகுதிக்குச் சென்று கோப்பு அங்கு இருக்கிறதா, அங்கிருந்து அதை மீட்கவும் நிரந்தரமாக அழிக்கவும் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறான எச்சரிக்கையால் நல்ல கோப்பு சிக்கும் நாளில் மீட்கும் வழிதான் காப்பாற்றும். மீட்க வழியின்றி உடனே அழித்துவிடும் அமைப்பு பெரிய குறை. அமைப்புகளில் அதை மாற்ற முடிகிறதா என்று தேடிப்பார்க்க வேண்டும்.

7. காலியான பென் டிரைவ் ஒன்றைச் செருகி, நோட்பேடிலிருந்து அதே வரியை நேராக அதில் சேமித்து, அங்கும் எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

8. ஐகார் தளத்தில் சுருக்கக் கோப்பாகவும், சுருக்கத்திற்குள் சுருக்கமாகவும் இதே வரி கிடைக்கிறது. அவற்றை இறக்கியவுடன் எச்சரிக்கை வராவிட்டால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. கணினியின் வேகத்தைக் காக்கப் பல தயாரிப்புகள் சுருக்கக் கோப்பை விரிக்கும்போதுதான் சோதிக்கின்றன. ஆனால் அக்கோப்பை வலச்சொடுக்கி ‘ஸ்கேன்’ செய்யும்போது கண்டுபிடிக்காவிட்டால் அது குறையே.

பொதுவான தவறு: ஐகார் கோப்பைப் பிடித்ததால் மென்பொருள் திறமையானது என்று முடிவுகட்டுவது. உடன்பாட்டின்பேரில் எல்லாரும் பிடிக்கும் கோப்பு இது. பாதுகாப்பு விழித்திருக்கிறது, எச்சரிக்கையும் தனிமைப்படுத்தலும் சரியாக இணைந்துள்ளன என்பதற்கு மேல் இது எதையும் மெய்ப்பிக்காது. போலித் தளங்களைத் தடுக்கிறதா, வேண்டாத விளம்பர மென்பொருள்களைப் பிடிக்கிறதா, மேகக்கணித் தொடர்பு இயங்குகிறதா என்பவற்றை, அம்ட்சோ தளத்தில் உள்ள அதே போன்ற தீங்கற்ற சோதனைப் பக்கங்களைத் திறந்து சரிபார்க்கலாம். அலுவலகக் கணினியில் இவற்றைச் செய்வதாயின் கணினிப் பிரிவினருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய திரையில் இது உண்மையான தாக்குதலாகவே தோன்றும்.

மூன்றாம் படி: வேகத்தை அளத்தல்

ஆய்வகத்தின் வேக மதிப்பெண்கள் புதிய, எஸ்எஸ்டி பொருத்திய கணினிகளைக் கொண்டு பெறப்படுபவை. பழைய ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள கணினியில் அதே மென்பொருள் வேறு விதமாக நடந்துகொள்ளும்; ஆகவே இந்த அளவீடு தவிர்க்க முடியாதது. பாதுகாப்பே இல்லாத நிலையோடு ஒப்பிட வேண்டும் என்று எண்ணி டிஃபெண்டரை அணைப்பது தேவையற்ற ஆபத்து. சோதனைப் பதிப்பு எதையும் நிறுவுமுன், டிஃபெண்டர் இயங்கும் நிலையில் எடுத்த அளவையே அடிப்படையாகக் கொண்டு, புதியது அதைவிட மேலா கீழா என்று பார்ப்பது போதும்.

1. சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ள, ஏறத்தாழ 2 ஜிபி அளவிலான ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆன்டிவைரஸின் சுமை கோப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே பெரிதும் கூடும் என்பதால், ஒரேயொரு பெரிய திரைப்படக் கோப்பை நகலெடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியவராது.

2. கணினியை மறுதொடக்கம் செய்து, 10 நிமிடம் ஒன்றும் செய்யாமல் விட்டு, பிறகு அந்த ஃபோல்டரை வேறிடத்தில் நகலெடுத்து, கைபேசியின் ஸ்டாப்வாட்சில் நேரத்தைக் குறிக்க வேண்டும். இதை மும்முறை செய்து நடு அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இடையே மறுதொடக்கம் கட்டாயம். இல்லையேல் விண்டோஸ் முதல் முறை படித்ததை நினைவகத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை வேகமாகச் செய்து காட்டி ஏமாற்றிவிடும்.

3. அதேபோல், கணினி தொடங்கி பிரவுசரில் ஒரு பக்கம் முழுதாகத் திறக்கும்வரை ஆகும் நேரம், அன்றாடம் பயன்படும் கணக்கு மென்பொருள் திறக்கும் நேரம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும்.

4. சோதனைப் பதிப்பை நிறுவி, அதன் முதல் முழு ஸ்கேன் முடிந்து, ஒரு நாள் கழிந்த பிறகே அளவுகளைத் திரும்ப எடுக்க வேண்டும். நிறுவிய முதல் சில மணி நேரத்தில் எந்த ஆன்டிவைரஸும் எல்லாக் கோப்புகளையும் புதிதாகப் படிப்பதால் மந்தமாகவே இருக்கும். அதைக் கண்டு அவசரத்தில் நிராகரிப்பது அநியாயம்.

பத்து விழுக்காட்டுக்கு உட்பட்ட வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 2 நிமிடத்தில் முடிந்த நகலெடுப்பு 3 நிமிடமாக நீண்டால் அது அன்றாட வேலையில் உறுத்தும் குறை. மந்தத்தைப் பொறுக்காத பயனர் என்றாவது ஒரு நாள் ஆன்டிவைரஸை அணைத்துவிடுவார் என்பதால், அதைப் பாதுகாப்புக் குறையாகவே எண்ண வேண்டும்.

நான்காம் படி: சொந்த மென்பொருள்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தல்

ஒரு வாரம் வழக்கம்போல் வேலை செய்து, தடுக்கப்பட்ட ஒவ்வொன்றையும் குறித்துவைக்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் புகழ்பெற்ற மென்பொருள்களை எந்த ஆன்டிவைரஸும் எளிதில் தடுப்பதில்லை; சிக்கல் வருவது சிலரே பயன்படுத்தும் சிறு மென்பொருள்களில். தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எந்த மென்பொருளில் தட்டினாலும் விசையழுத்தத்தை இடைமறித்துத் தமிழெழுத்தாக மாற்றித் தருவது அவற்றின் பணி. விசையழுத்தங்களைத் திருடும் தீநிரலும் அதே இடைமறிப்பைத்தான் செய்கிறது. ஆகவே நடத்தைக் கண்காணிப்பு மிகக் கூர்மையாக உள்ள தயாரிப்பு, தமிழ்த் தட்டச்சுக் கருவியை ஐயுறுவதில் வியப்பில்லை. அச்சுப்பொறிகளின் ஸ்கேனர் மென்பொருள், வரித்தாக்கலுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், உள்ளூர் நிரலாளர் எழுதித்தந்த பில் போடும் மென்பொருள் ஆகியவற்றையும் இந்த வாரத்திற்குள் ஒரு முறையேனும் இயக்கிப்பார்க்க வேண்டும்.

ஏதேனும் ஒன்று தடுக்கப்பட்டால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்களிக்க இயலுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கோப்புக்காக முழு டிரைவையோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ விலக்குப் பட்டியலில் சேர்ப்பது, வாங்கிய பாதுகாப்பைத் தாமே ரத்து செய்துகொள்வதாகும்.

ஐந்தாம் படி: ரேன்சம்வேர்க் காப்பு

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலான ரேன்சம்வேரை அதனைக் கொண்டே சோதிக்கக் கூடாது. ஆயினும் காப்பின் ஒரு கூற்றைத் தீங்கின்றிச் சரிபார்க்கலாம். டிஃபெண்டரில் ‘கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்ஸஸ்’ என்ற வசதி உள்ளது. குறிப்பிட்ட ஃபோல்டர்களில் அறிமுகமற்ற நிரல் எதுவும் எழுதாதபடி அது தடுக்கும். இயல்பாக இது அணைந்தே இருக்கிறது. டிஃபெண்டர் போதாது என்று சொல்லிக் கட்டண மென்பொருள் வாங்குவோரில் பலர் இதை ஒருமுறையும் இயக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். இதை இயக்கி, ஒரு புதிய ஃபோல்டரைக் காப்புப் பட்டியலில் சேர்த்து, அதிகம் பேர் பயன்படுத்தாத சிறிய உரைத்தொகுப்பி ஒன்றைக் கொண்டு அதில் கோப்பைச் சேமிக்க முயன்றால் தடுப்பு அறிவிப்பு வர வேண்டும். கட்டண மென்பொருள்களிலும் இதையொத்த வசதி இருக்கும். அதே முறையில் சோதித்து, எத்தனை ஃபோல்டர்களைச் சேர்க்கலாம், அனுமதி தருவது எளிதா என்று ஒப்பிட வேண்டும்.

ஆறாம் படி: நிறுவனத்தை எடைபோடுதல்

ஆன்டிவைரஸ் கணினியில் உள்ள எல்லாவற்றையும் படிக்கும் அதிகாரம் பெற்றது. அந்த அதிகாரத்தை நிறுவனம் எப்படிக் கையாள்கிறது என்பது கண்டறிதல் விழுக்காட்டுக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. ஒப்பீட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் தொடாத பகுதியும் இதுவே.

அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் தகவல்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்றது 2020 ஜனவரியில் அம்பலமாகி, அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அவாஸ்ட் 165 லட்சம் டாலர் செலுத்த வேண்டுமென அறிவித்தது. அந்த மென்பொருள் ஆய்வகச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றுவந்த ஒன்று. எனவே நிறுவும்போது வரும் ‘தகவல் பகிர்வு’ கட்டங்களைப் படித்து, தீநிரல் ஆய்வுக்குத் தேவையான பகிர்வை மட்டும் விட்டு, சந்தைப்படுத்தலுக்கான பகிர்வை அணைக்க வேண்டும். அப்படி அணைக்க வழியே தராத தயாரிப்பை, மற்ற மதிப்பெண்கள் எப்படியிருந்தாலும், தள்ளிவிடுவதே தக்கது.

அடுத்தது புதுப்பிப்புகளின் நம்பகம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்அஃபி வெளியிட்ட புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத அமைப்புக் கோப்பு ஒன்றைத் தீநிரல் என்று பிடித்ததால், கணினிகள் மீண்டும் மீண்டும் தாமே மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 19 அன்று, நிறுவனங்களுக்கான கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இவற்றுக்கு அஞ்சிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுவது இன்னும் பெரிய ஆபத்து. தொடக்கத்தில் சொன்ன காப்பு நகலும் மீட்புச் சாவியும் இத்தகைய நாளுக்காகவே.

மூன்றாவதாக, ஆன்டிவைரஸிலேயே ஓட்டை இருக்கலாம். 2016இல் கூகுளின் ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி, சைமன்டெக் தயாரிப்புகள் சுருக்கப்பட்ட கோப்புகளை விரித்துப் படிக்கும் பகுதியில் கடுமையான பிழைகளைக் கண்டார். தீய கோப்பு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தாலே போதும், பயனர் திறக்காமலே தாக்குதல் நடக்கக்கூடிய நிலை அது. இலவச விபிஎன், பதிவேட்டுத் துப்புரவு, ‘கணினி வேகமூட்டி’ என்று கூறுகள் கூடக்கூட இத்தகைய ஓட்டைகளுக்கான வாய்ப்பும் கூடுகிறது. தேவையற்ற கூறுகளை நிறுவாமல் விட இயலும் தயாரிப்பே மேலானது.

விலையைப் பொறுத்தவரை, முதலாண்டுத் தள்ளுபடி விலையை விட்டு, இரண்டாமாண்டுப் புதுப்பிப்பு விலையை ஒப்பிட்டால் போதும். சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பை வாங்கிய அன்றே அணைத்துவிடலாம்.

எந்த ஆன்டிவைரஸும் ஈடுசெய்யாதவை

மதிப்பிடும்போது, மென்பொருளின் குறை எது, அதன் எல்லைக்கே அப்பாற்பட்டது எது என்று பிரித்தறிய வேண்டும். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வானாக்ரை ரேன்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு, அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டிருந்தது. நிறுவாதவர்களே பெரிதும் சிக்கினர். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், நீட்டிப்புத் திட்டத்தில் சேராத விண்டோஸ் 10 கணினியில் எவ்வளவு உயர்ந்த ஆன்டிவைரஸ் இருந்தாலும் அடித்தளம் ஓட்டையாகவே இருக்கும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லித் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் செய்து ஓடிபியைப் பெற்றுக்கொள்ளும் மோசடியில், பயன்படும் செயலி முறையானதாகவே இருப்பதால் ஆன்டிவைரஸ் வாய் திறக்காது. அவ்வாறு இந்தியாவில் பணம் பறிபோனால் ஸ்கேன் செய்துகொண்டிருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

முடிவெடுத்தலும் நீக்குதலும்

குறித்துவைத்தவற்றை முன்னால் விரித்து, டிஃபெண்டரைவிடக் கட்டண மென்பொருள் கூடுதலாக எதைத் தருகிறது என்று ஒரு வரியில் எழுதிப்பார்க்க வேண்டும். ‘இணையம் இல்லாதபோது கண்டறிதல் தெளிவாக மேல்’, ‘பிள்ளைகளின் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடிகிறது’ என்பன போன்ற உறுதியான காரணம் கிடைத்தால் வாங்கலாம். அவ்வரியை எழுத முடியாவிட்டால், முறையாகப் புதுப்பிக்கப்பட்டு, கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்ஸஸும், பாதுகாப்பு அமைப்புகளைப் பிற நிரல்கள் மாற்றாமல் காக்கும் டேம்பர் புரொடெக்‌ஷனும் இயக்கப்பட்ட டிஃபெண்டரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது.

தேர்வாகாத சோதனைப் பதிப்புகளை நீக்கும் வரிசை:

1. செட்டிங்ஸில் உள்ள மென்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஃபோல்டரை நேரடியாக அழிப்பது கூடாது. அடித்தளத்தில் பதிந்த பகுதிகள் எஞ்சி, நெட்வொர்க்கையே முடக்கிவிடக்கூடும்.

2. அந்நிறுவனத்தின் தளத்தில் முழுநீக்கக் கருவி தனியே இருந்தால் அதை இறக்கி இயக்கி, மீண்டும் மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

3. பிரவுசரில் அது சேர்த்த நீட்சிகளையும் மாற்றிய தேடுபொறியையும் பார்த்து நீக்க வேண்டும்.

4. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து நிகழ்நேரப் பாதுகாப்பு ‘ஆன்’ என்று காட்டுகிறதா எனப் பார்த்து, ஐகார் வரியை மறுபடி ஒருமுறை சேமித்துச் சரிபார்க்க வேண்டும். பழைய சந்தா முடிந்த பின், டிஃபெண்டரும் விழிக்காமல், நீக்கப்படாத பழைய மென்பொருளும் புதுப்பிப்பு இன்றிக் கிடப்பதே பல கணினிகளின் நிலை. இந்த ஒரு நிமிடச் சோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.